கன்று ஈனும் மாட்டுக்குக் கழுத்துப்பட்டை: எதைப் பிடிக்கும், எதைத் தவறவிடும்

பருவத்துக்கு வரும் மாட்டைக் கண்டுபிடிக்கத்தான் இந்தச் சென்சார் பட்டை என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் அருமை தெரிவது ஈற்றுக்கு 3 வாரம் முன்னும் 3 வாரம் பின்னும்தான். ஆல்ஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் சென்ஸ்ஹப் பட்டை, இஸ்ரேலின் எஸ்.சி.ஆர். நிறுவனம் உருவாக்கிய முறையின் வழி வந்தது. மாடு எவ்வளவு நடமாடுகிறது, எத்தனை நிமிடம் அசைபோடுகிறது என்று கணக்கெடுத்து, அந்த மாட்டின் முந்தைய நாட்களோடு ஒப்பிட்டு எச்சரிக்கை தருகிறது.

நலமான கறவை மாடு நாளுக்கு 7 முதல் 9 மணி நேரம் அசைபோடும். கன்று போடும் நாளில் இது சட்டென்று குறையும், பயப்பட வேண்டாம். மறுநாளிலிருந்து திரையில் அசைபோடும் நிமிடங்களைக் காட்டும் கோடு ஏற வேண்டும். மூன்றாம் நாளும் அது ஏறாமல் கீழேயே கிடந்தால், பால் குறையும்வரை காத்திருக்கக் கூடாது.

எதை நம்பலாம்? 2016இல் வெளியான கார்னெல் பல்கலைக்கழக ஆய்வில், எஸ்.சி.ஆரின் பழைய மாதிரிப் பட்டையை 1,121 ஹோல்ஸ்டீன் மாடுகளுக்குக் கட்டிப் பார்த்தார்கள். நான்காம் இரைப்பை இடம்பெயர்ந்த மாடுகளில் 98 விழுக்காட்டையும், கீட்டோசிஸில் (உடல் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் கீட்டோன் கூடும் நோய்) 91 விழுக்காட்டையும் அது பிடித்தது. இரைப்பை இடம்பெயர்வைப் பண்ணையாட்கள் கண்டுகொள்வதற்குச் சுமார் 3 நாள் முன்பே பிடித்துவிட்டது. ஆனால் மடிநோயில் 58, கருப்பை அழற்சியில் 55 விழுக்காடுதான். தீனி குறையாத மாட்டில் அசைபோடுதலும் குறையாது, அதுதான் காரணம். ஆகவே பட்டை கட்டியாயிற்று என்று மடிநோய்க்கு முதல் பாலைக் கறுப்புக் கிண்ணத்தில் பீய்ச்சிப் பார்ப்பதையோ, வால் தூக்கிக் கருப்பைக் கழிவை முகர்ந்து பார்ப்பதையோ விட்டால், பாதி நோய் கைநழுவும். ஈன்றதும் ரத்தத்தில் கால்சியம் குறைந்து வரும் பால் காய்ச்சலுக்கும் இதை நம்பி இருக்க முடியாது. சில மணி நேரத்தில் மாடு விழுந்துவிடும். காதைத் தொட்டுப் பார்த்துச் சில்லென்றிருந்தால் அப்போதே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

எச்சரிக்கை வந்தால் வெப்பமானி வையுங்கள். 103 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் தொற்றைத் தேடுங்கள். காய்ச்சல் இல்லையென்றால் ஒரு சொட்டு ரத்தத்தில் கீட்டோன் பாருங்கள், 1.2 மில்லிமோலைத் தொட்டால் கீட்டோசிஸ் தொடங்கிவிட்டது. இடது விலாவில் ஸ்டெதஸ்கோப் வைத்து விரலால் சுண்டும்போது பானையைத் தட்டியதுபோல் கணீரென்று கேட்டால் இரைப்பை இடம்மாறியிருக்கலாம். இந்த மூன்றும் செய்ய பத்து நிமிடம் போதும். செய்ய ஆளில்லாத பண்ணைக்குப் பட்டை வீண் செலவு.

பொய் எச்சரிக்கைக்கு முதல் காரணம் கட்டும் விதம். சென்சார் காதுக்குப் பின்னால், கழுத்தின் மேற்பகுதியில் நிற்க வேண்டும். அடியில் தொங்கும் எடை அதற்குத்தான். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் உள்ளங்கை நுழைய வேண்டும். ஈன்ற பின் மாடு மெலியும்போது பட்டை தளர்ந்து, சென்சார் சரிந்து, நிமிடங்கள் குறைவாக விழும். வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கன்று போட்ட பிறகு கட்டினால் ஒப்பிட முந்தைய கணக்கே இருக்காது. 3 வாரம் முன்பே கட்டிவிடுங்கள்.

கோடு ஒரு மாட்டுக்கு மட்டும் இறங்கினால் அந்த மாட்டைப் பாருங்கள். எல்லா மாட்டுக்கும் இறங்கினால் தீவனத்தையும் வெயிலையும் பாருங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் இது அடிக்கடி நடக்கும். கட்டுத்தறியில் நிற்கும் மாட்டுக்கு நடமாட்டக் கணக்கால் பெரிதாகப் பயனில்லை, அசைபோடும் நிமிடங்களை மட்டும் பாருங்கள். மூன்று நான்கு மாடு வைத்திருப்பவர் அந்தப் பணத்தில் வெப்பமானியும் கீட்டோன் மீட்டரும் வாங்கிக்கொள்வதே நல்லது.