செகண்ட் ஹேண்ட் எலக்ட்ரிக் கார் பாக்கறீங்களா? பேட்டரி ரிப்போர்ட் கைக்கு வராம அட்வான்ஸ் குடுக்காதீங்க

பழைய எலக்ட்ரிக் கார் ஒன்னை என் தலைல கட்டிட்டாங்க, அதான் இந்த பதிவு. கம்மி கிலோமீட்டர்தான் ஓடிருக்கு, இஞ்சினே இல்லாத வண்டில தேய்றதுக்கு என்ன சார் இருக்குன்னாரு டீலர். பேட்டரி ஹெல்த் எவ்ளோன்னு தெளிவா கேட்டேன், உடனே டேஷ்போர்டை ஆன் பண்ணி 100%னு காட்டுது பாருங்கன்னு சொன்னாரு.

அந்த 100% சார்ஜ் மட்டும்தான், ஹெல்த் இல்ல. 30 கிலோவாட்-ஹவர் (kWh) கொள்ளளவு இருந்த பேட்டரி தேஞ்சு 20க்கு வந்துட்டாலும் ஃபுல் சார்ஜ் போட்டா அதே 100%தான் காட்டும். இது தெரியாம வண்டி விக்கிறவர் இருக்க மாட்டாரு.

ஹைவேல ஏசி போட்டு ஓட்டினா சார்ஜ் மளமளன்னு இறங்குது. சர்வீஸ் சென்டர்ல ஸ்கேன் பண்ணா எஸ்ஓஹெச், அதாவது பேட்டரி ஹெல்த், 70%க்கும் கீழ. அதைவிட வயித்தெரிச்சல் என்னன்னா, விக்கிறதுக்கு முன்னாடியே அந்த டீலர் இதே ஸ்கேன் எடுத்திருக்காரு, சர்வீஸ் ஹிஸ்டரில அப்படியே இருக்கு. ஃபோன் பண்ணி கேட்டா எலக்ட்ரிக்னா அப்படித்தான் சார்ங்கறாரு. நிறைய கம்பெனிங்க பேட்டரிக்கு 8 வருஷம் இல்லன்னா 1,60,000 கிலோமீட்டர், எது முதல்ல வருதோ அதுவரை வாரண்டி தர்றாங்க, இந்த வண்டிக்கு வருஷம் தாண்டிடுச்சு.

பழைய பெட்ரோல் கார்னா ஒரு நல்ல மெக்கானிக் சத்தத்தையும் புகையையும் வச்சே பாதி சொல்லிடுவாரு, கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது இஞ்சினுக்குள்ள அழுத்தம் சரியா இருக்கான்னு பாக்கற டெஸ்ட், பண்ணா மீதியும் தெரிஞ்சிடும். இஞ்சின் தேஞ்சாலும் டேங்க் சுருங்காது, பெட்ரோல் போட்டு ரெண்டு நிமிஷத்துல கிளம்பலாம். எலக்ட்ரிக் கார்ல பேட்டரி சீல் பண்ணின பெட்டி, வெளிய இருந்து ஒன்னும் தெரியாது. கிலோமீட்டரை நம்பவே நம்பாதீங்க, ஃபுல் சார்ஜோட வெயில்ல நிறுத்தியே வச்சிருந்தாலும் பேட்டரி தேயும், மாத்தணும்னா காரோட விலைல பெரும்பங்கு அதுக்கே போயிடும்.

எலக்ட்ரிக் கார் வேண்டாம்னு சொல்லல, வீட்ல சார்ஜர் வச்சு சிட்டிக்குள்ள ஓட்டறவங்களுக்கு செலவு உண்மையிலேயே கம்மி. ஆனா செகண்ட் ஹேண்ட்னா எஸ்ஓஹெச் ரிப்போர்ட்டை டீலர் கைல இருந்து வாங்காம நீங்களே கம்பெனி சர்வீஸ் சென்டர்ல எடுங்க, அந்த நம்பரை பில்லுல எழுதி கையெழுத்து வாங்குங்க, வாரண்டி ரெண்டாவது ஓனருக்கு மாறுமான்னு கம்பெனிகிட்டயே கேளுங்க. ஸ்கேன் பண்ண வண்டியை தர மாட்டேன்னு இழுத்தா அங்க பேசிட்டே நிக்காதீங்க, கிளம்பி வந்துடுங்க.