சாமானோடு கொந்தராத்துக் கொடுத்தால் சீமெந்துப் பையை எண்ணுங்கள்

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு வீடு. பட்டி (பெயின்றுக்கு முதல் பூசும் வெள்ளைப் பூச்சு) பூசிக் கொடுத்த அன்று கண்ணாடி மாதிரி இருந்த அறைச் சுவர், மூன்று மாதத்தில் தட்டுத் தட்டாகக் கழன்றுவிட்டது. கதவு நிலையோரம் விரலால் உரசினால் மணல் கொட்டுகிறது. யன்னலுக்கு மேலேகூட உப்புப் பூத்து, பெயின்ற் பொக்களித்திருக்கிறது. சாமானும் தானே வாங்குவதாகக் கொந்தராத்து எடுத்து, முழுக் காசும் வாங்கிப்போன மேசன் இப்போது போன் எடுப்பதில்லை. வீட்டுக்காரருக்கு இதுதான் முதல் பூச்சு வேலை.

கணக்கைப் பாருங்கள். அறை 12க்கு 10 அடி, உயரம் 10 அடி. நாலு சுவரும் 440 சதுர அடி. ஒரு கதவும் இரண்டு யன்னலும் கழித்தால் 387தான். அவரிடம் 440க்கும் காசு வாங்கியிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய களவு சீமெந்தில். உட்சுவருக்கு அரை அங்குலக் கனத்தில், ஒரு பங்கு சீமெந்துக்கு ஐந்து பங்கு மணல் என்று கலவை போட்டால், சேதாரத்தோடு 100 சதுர அடிக்கு ஏறத்தாழ ஒரு 50 கிலோ பை சீமெந்தும் ஆறு கன அடி மணலும் போகும். இந்த அறைக்கு நாலு பை வேண்டும். வந்தது இரண்டே பை. மணல் மட்டும் குறையவில்லை. கலவை ஒன்றுக்கு ஒன்பதைத் தாண்டிவிட்டது, பிறகு எப்படிப் பிடிக்கும்? மண்வெட்டிக் கணக்கை ஏற்காதீர்கள். ஒரு பை சீமெந்து ஒன்றேகால் கன அடி. அந்த அளவுக்குப் பெட்டி அடித்து, ஐந்து பெட்டி மணல் அளக்கச் சொல்லுங்கள். வெறும் பைகளை அன்றன்றே எண்ணி வையுங்கள்.

அடிச்சுவரில் மட்டும் உப்பென்றால் நிலத்து ஈரமாகவும் இருக்கலாம். மேலேயும் பூத்தால் மணலைத்தான் சந்தேகிக்க வேண்டும். கடற்கரை மணலை ஆற்று மணலோடு கலந்து இறக்குகிறார்கள். ஒரு கிள்ளு நாக்கில் வைத்தாலே கரிக்கும். மணலில் சேறு இருக்கிறதா என்றும் பாருங்கள்: கண்ணாடிப் போத்தலில் பாதி மணல், மேலே தண்ணீர், ஒரு கரண்டி உப்புப் போட்டுக் குலுக்கி மூன்று மணித்தியாலம் வையுங்கள். மேலே படியும் சேறு மணல் உயரத்தில் நூற்றுக்கு எட்டைத் தாண்டினால் லோட்டைத் திருப்பி அனுப்புங்கள். உப்பேறிய பூச்சுக்கு மேல் திரும்பப் பட்டி பூசுவது வீண் செலவு. கல் தெரியக் கொத்தித்தான் பூச வேண்டும்.

கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று வீசும் மாதங்களில் இன்னொரு கெடுதல் உண்டு. காய்ந்த புளொக் கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்ச, காற்று மிச்சத்தைக் குடிக்க, பூச்சு இறுகமுதலே வெடிக்கும். முதலில் சுவரை நனைத்து, மேற்பரப்பு ஈரம் வற்றியதும் பூச வேண்டும். யன்னல் துவாரங்களைச் சாக்கால் மறையுங்கள். குழைத்த சாந்தை ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும்; இறுகியதைத் தண்ணீர் ஊற்றி மீண்டும் குழைக்க விடாதீர்கள். ஈரச் சுவரில் வெறும் சீமெந்தைத் தூவித் தேய்ப்பதையும் தடுங்கள், மயிரிழை வெடிப்பு அதனாலும் வருகிறது. கொங்கிறீற் தூணும் கல்லும் சேருமிடத்தில் கோழிவலை அடிக்காமல் பூசினால் நேர்கோட்டில் பிளக்கும்.

ஏழு நாள் தண்ணீர் அடித்து, சுவர் காயுமட்டும் பட்டி பூச விடாதீர்கள். எல்லாக் குறையையும் மறைப்பது அந்த வெள்ளைதான். அதற்கு முதல் ஒரு நாணயத்தால் சுவர் முழுக்கத் தட்டுங்கள். பொள்ளென்று சத்தம் வரும் இடங்களைச் சோக்கால் வட்டமிட்டு, அங்கெல்லாம் கொத்தித் திரும்பப் பூசிய பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள்.