கிளி எந்தக் கையில்? மார்கழிப் படம் வரைய எந்தச் செயலி

மூன்று மார்கழிகளாகத் திருப்பாவைக்குப் படம் செய்துவருகிறேன். நாளுக்கு ஒரு பாசுரம், பாசுரத்துக்கு ஒரு படம், மொத்தம் 30. விடிவதற்குள் வீட்டுப் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும் என்பது நானே வைத்துக்கொண்ட விரதம். முதல் ஆண்டு கேன்வாவில் செய்தேன். அடுத்த ஆண்டு கைபேசியில் ஐபிஸ்பெயின்ட். மூன்றாம் ஆண்டு கணினியில் கிரிட்டா. நடுவில் படம் திருத்தும் ஸ்னாப்சீட், கிம்ப், ஃபோட்டோஷாப் எல்லாவற்றோடும் பழகிவிட்டேன். "எனக்கும் இப்படிச் செய்யணும், எதில் ஆரம்பிக்கலாம்?" என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இவற்றை ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு இடக்கையில் கிளி. கொண்டையும் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அந்தக் கிளியைத் தினமும் புதிதாக இலையாலும் பூவாலும் கட்டுகிறார்கள். அதன் மூக்குக்கு மாதுளம்பூ. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யும் ஓர் உருவத்தை நாம் வரையும்போது, கிளி எந்தக் கையில் என்று நின்று கவனிக்க வைக்கிறதா, இல்லை கவனிக்காமலே ஓடிப்போக விடுகிறதா? ஒரு செயலியிடம் நான் கேட்பது அதுதான்.

கேன்வாவும் பிக்செல்லேபும்

இந்த இரண்டிலும் முதல் நாளே ஒரு படம் முடித்துவிடலாம். கேன்வாவில் ஆயத்த வடிவமைப்பு ஒன்றைத் திறந்து, படத்தை மாற்றி, பாசுரத்தை ஒட்டினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. முதல் வாரம் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. பத்தாம் நாள் வாக்கில் என் குழுவில் வேறொருவரும் அதே பூ பார்டர், அதே மஞ்சள் பின்னணியோடு வேறு பாசுரம் அனுப்பினார். என் படம் என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நாமே தேர்ந்த தமிழ் ஃபாண்டை ஏற்றுவதற்கும், படத்தின் பின்னணியை ஒரே தட்டில் நீக்குவதற்கும் கேன்வாவில் கட்டணத் திட்டம் வேண்டும்.

பிக்செல்லேப் பார்க்க எளிமையானது. ஆனால் தமிழ் எழுத்துக்கு அது நல்ல துணை. ஃபாண்ட் கோப்பை இறக்கி நாமே சேர்த்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். வாழ்த்தும் பாசுர வரியும் போட்ட அட்டை மட்டும் போதும் என்றால் இதற்கு மேல் தேட வேண்டியதில்லை. வரையக் கற்கத்தான் இது உதவாது.

ஐபிஸ்பெயின்டா, கிரிட்டாவா

உண்மையான போட்டி இங்கேதான். ஐபிஸ்பெயின்ட் ஜப்பானிலிருந்து வந்த செயலி. விளம்பரத்தோடு இலவசம். கிரிட்டா கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் சமூகத்தின் படைப்பு. அது முழுக்க இலவசம், விளம்பரமும் கிடையாது.

கைபேசியும் விரலும் மட்டும் இருந்தால் ஐபிஸ்பெயின்ட். விரலால் இழுக்கும் கோடு நடுங்கும் என்பதால் கோட்டை நிலைப்படுத்தும் அமைப்பு வைத்திருக்கிறார்கள். அதைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் கோடு வழுக்கிக்கொண்டு வரும். வரைந்த முறையையே காணொளியாகச் சேமித்துத் தரும். தப்பு எங்கே நடந்தது என்று மறுநாள் பார்க்க எனக்கு அது மிகவும் பயன்பட்டது. முகத்தை அவசரமாக முடித்துவிட்டு நகைகளில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன் என்று அந்தக் காணொளிதான் காட்டிக்கொடுத்தது.

சிக்கல் திரையின் அளவுதான். ஆறங்குலத் திரையில் கண்ணைப் பெரிதாக்கி வரைவோம், வெளியே வந்து பார்த்தால் இரண்டு கண்ணும் வெவ்வேறு திசையில் பார்க்கும். பெருமாளின் முகத்தில் அப்படி நேர்ந்தால் மனது ஒப்பாது. அப்புறம், ஏ4 தாளில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சுக்கு 2480 × 3508 பிக்சல் பரப்பு வேண்டும். அந்த அளவைச் சாதாரணக் கைபேசியில் திறந்தால் லேயர்களின் (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வரையும் படலங்களின்) எண்ணிக்கைக்கு வரம்பு வந்துவிடும், வேகமும் குறையும்.

கிரிட்டாவைத் திறந்ததும் பயமாக இருக்கும். எங்கே பார்த்தாலும் பொத்தான். முதல் மூன்று நாள் ஒரே ஒரு பிரஷ், இரண்டே லேயர் என்று வைத்துக்கொண்டால் பயம் போய்விடும். திரை இல்லாத சாதாரணப் பென் டேப்லெட் ஒன்று சேர்ந்தால் போதும்; அழுத்தினால் கோடு தடிக்கும், லேசாக விட்டால் மெலியும். புருவத்துக்கும் கூந்தலுக்கும் அந்த ஏற்ற இறக்கம்தான் உயிர்.

கோலம் போடுகிறவர்களுக்குக் கிரிட்டா பெரிய வரம். அதிலுள்ள மல்டிபிரஷ் கருவியில் நான்கு, ஆறு, எட்டு என்று எண்ணைக் கொடுத்துவிட்டு ஒரு இதழ் வரைந்தால், மையத்தைச் சுற்றி மற்ற இதழ்கள் தாமாக வரும். கட்டக் கோடுகளைத் திரையில் வரவைத்து நேர்ப்புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைக்கலாம். டபிள்யூ விசையைத் தட்டினால் பரப்பின் வலது ஓரத்தில் போன கோடு இடது ஓரத்தில் வந்து சேரும். புடவைக் கரைக்கும் படத்தின் ஓரத்துக்கும் தொடர்ச்சியான வடிவம் அப்படித்தான் செய்கிறேன். ஐபிஸ்பெயின்டிலும் சமச்சீர் அளவுகோல் உண்டு, அதிலும் கோலம் நன்றாக வரும். புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடும்போதுதான் பெரிய திரையின் அருமை தெரியும்.

இப்போது கிளிக்கு வருகிறேன். ஓவியம் கற்கிறவர்களுக்கு எல்லாரும் சொல்லும் பாடம், படத்தை இடவலமாகத் திருப்பிப் பார் என்பது. திருப்பினால் கோணல் உடனே கண்ணில் படும். கிரிட்டாவில் எம் விசையைத் தட்டினால் பார்வை மட்டும் திரும்பும், படம் அப்படியே இருக்கும். மீண்டும் தட்டினால் பழையபடி. கிம்ப்பிலும் பார்வையை மட்டும் திருப்ப வழி உண்டு, ஆனால் பெயரில் அதைப் போலவே இருக்கும் திருப்புக் கருவி படத்தையே மாற்றிவிடும். கேன்வாவிலும் ஸ்னாப்சீடிலும் திருப்புவது என்றால் படமே திரும்புவதுதான்.

சாதாரண இயற்கைக் காட்சியில் இது ஒரு விஷயமே இல்லை. ஆண்டாள் படத்தில் அப்படித் திரும்பினால் கிளி வலக்கைக்குப் போய்விடும். பெருமாளுக்கு மேல் வலக்கையில் சக்கரம், மேல் இடக்கையில் சங்கு என்பது இடம் மாறிவிடும். முதல் ஆண்டு, எழுத்துக்கு இடம் வேண்டுமென்று கேன்வாவில் நானே ஒரு படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். சங்கு வலக்கையில் இருப்பதைப் பார்த்த அத்தை ஒருவர், "இது திருக்கோவிலூர் பெருமாளா?" என்று கேட்டார். அந்தத் தலத்தில் உலகளந்த பெருமாள் வலக்கையில் சங்கும் இடக்கையில் சக்கரமும் ஏந்தியிருப்பார். அத்தைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அந்தப் படத்துக்குரிய தலத்து உருவத்தைப் பார்த்துவிட்டுத்தான் கோடு போடுகிறேன்.

சமச்சீர்க் கருவியிலும் இதே எச்சரிக்கை வேண்டும். முகம், கிரீடம், மார்பு வரைக்கும் கண்ணாடிக் கோடு நல்லது. கைகளுக்கு வந்ததும் அதை அணைத்துவிட வேண்டும்.

நான்காம் பாசுரம் வந்தபோதுதான் டிஜிட்டல் ஓவியத்தின் பலமே எனக்குப் பிடிபட்டது. மழைக்கடவுள் கடல் நீரை மொண்டு மேலேறி, பெருமாளின் நிறம்போலக் கறுத்து, சக்கரம்போல மின்னி, சங்குபோல முழங்க வேண்டும் என்று ஆண்டாள் கேட்கிறாள். காகிதத்தில் கறுப்பின் மேல் ஒளியைக் கொண்டுவருவது எனக்கு எட்டாத வித்தை. கிரிட்டாவில் கருநீல மேகத்தின் மேல் ஒரு புதிய லேயர், அதன் கலப்பு முறை (கீழ் லேயரோடு அது கலக்கும் விதம்) ஒளியைக் கூட்டும் கலர் டாட்ஜ், அதில் மென்மையான பிரஷால் வெளிர் மஞ்சள் ஒரு தொடு. மின்னல் உள்ளிருந்து எரிந்தது. நிழலுக்கு, கீழுள்ள நிறத்தை இருட்டாக்கும் மல்டிப்ளை. இந்த இரண்டு கலப்பு முறைகளைக் கற்றுக்கொண்டாலே பாதிப் பாடம் முடிந்த மாதிரி. ஐபிஸ்பெயின்டிலும் இவை இருக்கின்றன.

ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு ப்ரோகிரியேட். ஒருமுறை வாங்கினால் போதும், மாதச் சந்தா இல்லை, கைக்கு மிக இதமானது. இதற்காக ஐபேட் வாங்குங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கோபுரத்தைப் படம் எடுத்தால்

வரைய வராது, கோயில் படங்களை மெருகேற்றிப் பாசுரம் சேர்க்க ஆசை என்பவர்கள் நிறையப் பேர். முதலில் ஒன்று: கருவறையைப் படம் எடுக்கக் கூடாது. தமிழகக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆக நமக்குக் கிடைப்பது கோபுரம், மதில், தெப்பக்குளம், வீதியுலா. அதுவே ஏராளம்.

இதற்கு ஸ்னாப்சீடும் கிம்ப்பும் எதிரெதிர். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 13 நிலை. அதைக் கீழே நின்று எடுத்தால் உச்சி பின்னால் சாய்ந்து கூம்பிப் போகும். ஸ்னாப்சீடின் பெர்ஸ்பெக்டிவ் கருவியில் விரலால் இழுத்தால் அரை நிமிடத்தில் நிமிர்ந்துவிடும். குறுக்கே போகும் மின்கம்பியை ஹீலிங் கருவியால் தடவி எடுக்கலாம். வெறும் வானத்தின் மேல் ஓடும் கம்பியென்றால் சுத்தமாக மறையும். சுதைச் சிற்பங்களின் மேல் ஓடினால் ஒரு பொம்மையின் கையையோ கிரீடத்தையோ சேர்த்துத் தின்றுவிடும். அங்கே கிம்ப்தான். குளோன் கருவியில் எந்த இடத்திலிருந்து எடுத்து எந்த இடத்தில் ஒட்டுவது என்று நாமே சொல்கிறோம். நேரம் எடுக்கும், சிற்பம் தப்பிக்கும். 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0-வில் வடிகட்டிகளை (ஃபில்டர்) போட்ட பிறகும் திரும்பிப் போய் மாற்றலாம், மூலப்படம் கெடாது. பழைய கிம்ப்பைப் பார்த்து ஒதுங்கியவர்கள் இன்னொரு முறை திறந்து பார்க்கலாம்.

ஸ்னாப்சீடில் வெளிச்ச, நிழல் விவரங்களைத் தூக்கிக்காட்டும் எச்டிஆர் ஸ்கேப்பை அளவோடு பயன்படுத்துங்கள். முழுக்க ஏற்றினால் கருங்கல் தகரம் போலப் பளபளக்கும், வானம் ஊதாவாகும். அதிகாலைக் கோபுரத்துக்கு இருக்கும் அமைதி அதில் போய்விடும்.

ஃபோட்டோஷாப் இவை எல்லாவற்றையும் விடத் திறமையானது, அதில் சந்தேகமில்லை. 2013-லிருந்து சந்தா முறைக்குப் போய்விட்டது. மார்கழி ஒரு மாதத்துக்கும் எப்போதாவது ஒரு வெள்ளிக்கிழமைக்கும் படம் செய்கிற நமக்கு அது தேவைப்படாது. தொழிலாகச் செய்ய நினைக்கும் இளைஞர்களுக்கு வேறு கணக்கு.

எழுத்து உடைந்தால்

பாசுரப் படத்தில் எழுத்து தப்பாக வந்தால் மற்ற உழைப்பெல்லாம் வீண். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தமிழ் ஒட்டினால் கொம்பு இடம் மாறும். 'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்து அமைப்பில் வேர்ல்டு ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தால் சரியாகும். நான் சரியாக அனுப்பிய கோப்பையே ஓர் அச்சகத்தில் திறந்து அச்சிட்டபோது ஆண்டாளின் 'கோதை' என்ற பெயரே சிதைந்து வந்தது, நூறு பிரதிகள். இப்போது அச்சுக்குப் போகும் எதையும் எழுத்தோடு சேர்த்துத் தட்டையாக்கிய பிஎன்ஜி அல்லது பிடிஎஃப் ஆகத்தான் கொடுக்கிறேன்.

கிம்ப், இன்க்ஸ்கேப் (இதுவும் கணினியில் வரையும் இலவச மென்பொருள்) இரண்டிலும் தமிழ் யூனிகோட் எழுத்து ஒழுங்காக வருகிறது. கிரிட்டாவில் எழுத்துப் போடுவது எனக்கு இன்னும் கைவரவில்லை. அதனால் படத்தை அங்கே முடித்து, எழுத்துக்கு இன்க்ஸ்கேப்புக்குப் போகிறேன். ஃபாண்டுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, கையெழுத்துச் சாயல் வேண்டுமென்றால் கவிவாணர். மூன்றும் இலவசம். எட்டு அடிப் பாசுரம் முழுவதையும் ஒரே படத்தில் திணிக்காதீர்கள். முதல் அடி போதும், மீதி அவர்களுக்கு மனப்பாடம்.

ஒரு வரி எழுதினால் முழுப் படத்தையும் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளையும் முயன்று பார்த்தேன். கிளி கேட்டேன், கிடைத்தது. ஒரு முறை வலத்தோளில், ஒரு முறை மடியில். கொண்டை நடு உச்சியில். ஒவ்வொன்றையும் திருத்தச் சொல்லி மன்றாடும் நேரத்தில் நாமே வரைந்துவிடலாம். வரையும் அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குப் பூஜை என்பதால், அதை யாரிடமும் ஒப்படைக்க மனமில்லை.

பக்கத்து வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் இந்த மார்கழிக்குத் தானும் செய்வதாகச் சொல்லியிருக்கிறாள். அவளிடம் அம்மாவின் கைபேசி மட்டும்தான். ஐபிஸ்பெயின்டில் தினம் ஒரு கோலம், பிக்செல்லேபில் முதல் அடி, இவ்வளவுதான் அவளுக்குச் சொன்னேன். ஆண்டாளை 27-ஆம் நாள் கூடாரவல்லிக்கு வரைவாளாம். அதற்குள் கை பழகிவிடும். கிளி எந்தக் கையில் என்று மட்டும் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொண்டாள்.