சிடி ட்யூப் மதிப்பீடு: எம்எச்யூவை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

சிடி ஸ்கேனரில் அதிகம் தேய்வதும், மாற்றும்போது அதிகம் செலவு வைப்பதும் எக்ஸ்ரே ட்யூப்தான். விற்க வருகிறவர் முதலில் சொல்லும் எண் எம்எச்யூ. ட்யூபுக்குள் எலக்ட்ரான்கள் மோதும் சுழல் தட்டான ஆனோடு எத்தனை மில்லியன் ஹீட் யூனிட் சூட்டைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் என்ற கணக்கு அது. 5 என்றால் சாதாரணம், 8 என்றால் உசத்தி என்று அதை வைத்தே விலையும் பேசி முடித்துவிடுகிறார்கள். அந்த எண்ணில் பொய் இல்லை. ஆனால் ட்யூபுக்குள் சூடு எவ்வளவு தங்கும் என்பதைவிட, எந்த வழியாக, எவ்வளவு சீக்கிரம் வெளியேறும் என்பதே வேலைக்கு உதவும் கேள்வி. அதற்கான பதில் ஆனோடைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கில் இருக்கிறது. பால் பேரிங், லிக்விட் மெட்டல் பேரிங், கூடு முழுவதுமே சுழலும் ட்யூப் என்ற மூன்று வகைகளை இந்தக் கோணத்தில்தான் இங்கே எடைபோடுகிறோம்.

முதலில் ஒரு கணக்கு. ஆனோடில் மோதும் எலக்ட்ரான்களின் ஆற்றலில் சுமார் 1 சதவீதம்தான் எக்ஸ்ரே ஆகிறது. மீதி அத்தனையும் சூடு. 120 கிலோவோல்ட், 300 மில்லி ஆம்பியர், 10 விநாடி வைத்து ஒரு வயிற்று ஸ்கேன் எடுத்தால் 36 கிலோவாட் பத்து விநாடிக்கு இறங்குகிறது. ஹீட் யூனிட்டில் 120 × 300 × 10 × 1.35 = 4,86,000, அதாவது ஏறக்குறைய அரை எம்எச்யூ. கல்லீரலுக்கு மூன்று கட்டமாக எடுப்பதென்றால், முதலில் மருந்து ஏற்றாமல் ஒன்று. மருந்து ஏறிய 35-ஆவது விநாடி வாக்கில் ஆர்ட்டீரியல் (தமனிக் கட்டம்). 70-ஆவது விநாடி வாக்கில் போர்ட்டல் (கல்லீரலுக்குப் போகும் சிரைக் கட்டம்). சில நிமிடத்துக்குள் ஒன்றரை எம்எச்யூ சேர்ந்துவிடும். ஒரு நோயாளிக்கு எந்த ட்யூபும் தாங்கும். அடுத்தடுத்து நாலாவது ஆள் மேசையில் படுக்கும்போதுதான் ‘ட்யூப் கூலிங்’ என்று திரை நம்மைக் காக்க வைக்கும், அல்லது மெஷின் தானாக எம்ஏவை (மில்லி ஆம்பியரை) குறைத்துப் படத்தில் இரைச்சலைக் கூட்டும்.

பால் பேரிங் ட்யூபில் இது ஏன் சீக்கிரம் வருகிறது? ஆனோடு வெற்றிடத்துக்குள் சுழல்கிறது. அங்கே எண்ணெயோ கிரீஸோ போட முடியாது, ஆவியாகி வெற்றிடத்தைக் கெடுத்துவிடும். அதனால் குண்டுகளுக்கு வெள்ளியோ ஈயமோ மெல்லிய பூச்சாகக் கொடுக்கிறார்கள். குண்டு தொடுமிடம் ஒரு புள்ளி அளவுதான். அந்த வழியாகச் சூடு இறங்கக் கூடாது, இறங்கினால் பூச்சு போய்விடும். எனவே ஆனோடு தன் சூட்டை ஏறக்குறைய முழுவதும் கதிர்வீச்சாகத்தான் வெளியே விட வேண்டும். கதிர்வீச்சு கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் மாறும். 1,200 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஆனோடு 600 டிகிரிக்கு இறங்கியதும் அதன் குளிரும் வேகம் எட்டில் ஒரு பங்காகிவிடும். விவரத் தாளில் நிமிடத்துக்கு இத்தனை எம்எச்யூ ஆறும் என்று போட்டிருப்பது ஆனோடு உச்ச சூட்டில் இருக்கும்போது மட்டுமே உண்மை. பாதி சூட்டில் என்ன வேகம் என்று குளிர்ச்சி வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முதல் இரண்டு நிமிடம் செங்குத்தாக இறங்கி, பிறகு படுத்துவிடும் கோடு அது.

இதற்காக பால் பேரிங்கை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தலை ஸ்கேனும் சாதாரண நெஞ்சு ஸ்கேனுமாக நாளுக்குப் பதினைந்து, இருபது பேர் வரும் சென்டருக்கு 5 எம்எச்யூ பால் பேரிங் ட்யூப் போதும். ஆனோடு நல்ல தரமாக இருக்கட்டும்: எலக்ட்ரான் மோதும் பாதையில் டங்ஸ்டன்-ரீனியம் கலவை, அடியில் டிஇசட்எம் எனப்படும் மாலிப்டினம் கலவை, அதற்குப் பின்னால் ஒட்டிய கிராஃபைட். ரீனியம் சேர்ப்பது வீண் செலவு இல்லை. சுத்த டங்ஸ்டன் சூடேறி ஆறும்போது நுண்ணிய வெடிப்பு விட்டுச் சொரசொரப்பாகும். எக்ஸ்ரேயில் ஒரு பகுதி அந்தப் பள்ளங்களுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதே எம்ஏவுக்குக் கிடைக்கும் கதிர் மெல்ல மெல்லக் குறையும். ரீனியம் அந்தத் தேய்மானத்தைத் தள்ளிப்போடுகிறது.

ட்யூபைச் சுமந்து நோயாளியைச் சுற்றும் கேன்ட்ரி வேகமாகச் சுழலும்போதுதான் பால் பேரிங் திணறுகிறது. ட்யூப் மையத்திலிருந்து 60 செ.மீ. தள்ளிச் சுழல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 0.5 விநாடி என்றால் புவியீர்ப்பைப் போல் 10 மடங்கு விசை, 0.35 விநாடி என்றால் 20 மடங்கு; 0.27 என்றால் 33 மடங்கு. 6 கிலோ ஆனோடு அந்த வேகத்தில் 200 கிலோ போல் பேரிங்கை அழுத்தும். அந்தப் பாரத்தைச் சில குண்டுகளின் புள்ளித் தொடுகை சுமக்கும்போது பூச்சு உரிந்து, கீச்சென்ற சத்தம் வரும். பிறகு ஆனோடு ஆடும், ஃபோக்கல் ஸ்பாட் (எலக்ட்ரான் மோதும் புள்ளி) நகரும், படத்தின் கூர்மை போகும்.

லிக்விட் மெட்டல் பேரிங் இந்த இரண்டு சிக்கலையும் ஒன்றாகத் தீர்க்கிறது. பிலிப்ஸ் 1989-இல் எம்ஆர்சி ட்யூபில் இதைக் கொண்டுவந்தது. தண்டுக்கும் உறைக்கும் நடுவே சில பத்து மைக்ரான் இடைவெளி. அதில் காலியம், இண்டியம், தகரம் சேர்ந்த திரவக் கலவை. தண்டில் மீன்முள் வடிவில் செதுக்கிய காடிகள் சுழலும்போது திரவத்தை உள்நோக்கி அழுத்தி, தண்டைத் தொடாமல் தூக்கி நிறுத்துகின்றன. இந்தக் கலவை சூடானாலும் ஏறக்குறைய ஆவியாகாது, அதனால் வெற்றிடத்துக்குள் இருக்கலாம். உலோகம் என்பதால் சூட்டையும் கடத்தும். பேரிங்கின் நடு அச்சு வழியாகவே குளிர் எண்ணெயை ஓடவிட்டுச் சூட்டை வெளியே எடுக்கிறார்கள். கடத்தல் நான்காம் அடுக்கில் சரிவதில்லை. ஆனோடு பாதி சூட்டில் இருந்தாலும் உருப்படியாக ஆறிக்கொண்டே இருக்கும். நாளின் பத்தாவது நோயாளிக்குக் காத்திருப்பு வராததற்குக் காரணம் இதுதான். பாரமும் புள்ளியில் இல்லாமல் படலம் முழுவதும் பரவுவதால் சத்தமே இருக்காது.

2007-இல் வந்த பிலிப்ஸின் பிரில்லியன்ஸ் ஐசிடி ஸ்கேனரின் ஐஎம்ஆர்சி ட்யூப் இந்த வழியில் நல்ல முன்னேற்றம். தண்டை இரு முனையிலும் தாங்கி, 0.27 விநாடிச் சுற்றுக்கும் 120 கிலோவாட்டுக்கும் ஏற்றதாகச் செய்தார்கள். ஆனோடு தட்டில் ஆரவாக்கில் கீறல் வெட்டிவிட்டது எங்களுக்குப் பிடித்த வேலை. சூடேறிய விளிம்பு விரிவதற்கு இடம் கிடைக்கிறது. தட்டு தன் இறுக்கத்தாலேயே வெடிப்பது குறைகிறது. இன்று ஜிஇயின் குவான்டிக்ஸ் 160 உட்பட மேல்நிலை ட்யூப்களில் லிக்விட் மெட்டல் வழக்கமாகிவிட்டது.

குறைகளும் உண்டு, விற்பவர் சொல்லாதவை. முதலாவது, இந்த பேரிங் நிற்பதை விரும்பாது. ஓடும்போதுதான் படலம் தூக்கிப் பிடிக்கும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் உலோகம் உலோகத்தில் உட்காரும். அதனால்தான் காலையில் தொடங்கினால் மாலை வரை ஆனோடு சுழன்றுகொண்டே இருக்கும்படி மெஷினை அமைத்திருக்கிறார்கள். மின்சாரம் அடிக்கடி போகும் ஊரில் கன்சோலுக்கு மட்டும் யூபிஎஸ் போட்டுவிட்டு கேன்ட்ரியை விட்டுவிடுவது பெரிய தவறு. ஆனோடு சுழற்சியும் எண்ணெய் பம்ப்பும் ஒழுங்காக இறங்கி நிற்கும்வரை தாங்கும் யூபிஎஸ் வேண்டும். இரண்டாவது, இந்தக் கலவை 10 டிகிரி செல்சியஸ் வாக்கில் உறையத் தொடங்கும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊர்களில் குளிர்கால இரவில் ட்யூப் பெட்டியைத் திறந்த வராந்தாவில் இறக்கி வைக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு முழுதாக வந்த பிறகே சுழற்ற வேண்டும். மூன்றாவது, திரவம் கசிந்து ஒரு துளி வெற்றிடத்துக்குள் தெறித்தாலும் உயர் மின்னழுத்த ஆர்க்கிங் (மின்பொறி பாய்வது) தொடங்கும். அதைச் சரிசெய்ய முடியாது, ட்யூபையே மாற்ற வேண்டும். நான்காவது, திரவத்தின் இழுவை காரணமாகச் சுழற்றும் மோட்டாருக்கு அதிக சக்தி தேவை. ஆகவே பழைய பால் பேரிங் மெஷினில் எந்த லிக்விட் மெட்டல் ட்யூபையும் மாட்டிவிட முடியாது. உங்கள் மாடலுக்கென்றே செய்த மாற்று ட்யூபா, ரோட்டார் டிரைவும் சாஃப்ட்வேரும் அதை ஏற்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஆனோடு தரையிணைப்பில் இருக்கும் ட்யூப் என்றால் ஜெனரேட்டரே வேறு. எலக்ட்ரானை அனுப்பும் கேத்தோடு ஒன்றே 140 கிலோவோல்ட் முழுவதையும் சுமக்கும், கேபிளும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும்.

மூன்றாவது வகை சீமென்ஸ் 2003-இல் கொண்டுவந்த ஸ்ட்ராடான். இங்கே ஆனோடு மட்டும் சுழல்வதில்லை, வெற்றிடக் கூடு முழுவதுமே எண்ணெய்க்குள் சுழல்கிறது. பேரிங் வெற்றிடத்துக்கு வெளியே இருப்பதால் சாதாரணமாக மசகு போடலாம். ஆனோடின் முதுகே கூட்டின் சுவர். அதை எண்ணெய் நேரடியாகத் தொட்டு ஓடுகிறது. இதன் ஆனோடு 120 மி.மீ. விட்டமுள்ள சிறு தட்டுதான். சூட்டுக் கொள்ளளவு வெறும் 0.8 எம்எச்யூ. எண்ணைப் பார்த்து வாங்குகிறவர் இதைத் தொடவே மாட்டார். ஆனால் ஆறும் வேகம் நிமிடத்துக்கு 5 எம்எச்யூ வரை. வாட் கணக்கில் சுமார் 60 கிலோவாட், அதாவது மேலே பார்த்த வயிற்று ஸ்கேனின் சூடு இறங்க இறங்கவே வெளியேறிவிடும். விளம்பரத்தில் இதற்குச் ‘சமமான’ எம்எச்யூ என்று 30, 50 எனப் போடுவது ஒப்பீட்டுக்காகக் கணக்கிட்ட எண். அளந்த கொள்ளளவு அல்ல.

எலக்ட்ரான் கற்றையை வெளியிலிருந்து காந்தச் சுருளால் வளைப்பது இதன் இன்னொரு நன்மை. ஃபோக்கல் ஸ்பாட்டை நீளவாக்கில் முன்னும் பின்னும் தாவவிட்டு, 0.6 மி.மீ. அகலமுள்ள 32 வரிசை டிடெக்டரிலிருந்து (எக்ஸ்ரேயை வாங்கும் பகுதியிலிருந்து) 64 ஸ்லைஸ் எடுத்தது சீமென்ஸின் சென்சேஷன் 64 ஸ்கேனர். இந்த வகையின் பலவீனம் எண்ணெய்தான். ஓட்டம் சற்றே குறைந்தாலும் ஆனோடு முதுகில் எண்ணெய் கொதித்து ஆவிப்படலம் போர்த்திக்கொள்ளும், சூடு வெளியேறாது. சேமித்து வைக்க இடமும் இல்லாததால் தப்பிக்கும் நேரம் மிகக் குறைவு. ஹீட் எக்ஸ்சேஞ்சர் பராமரிப்பில் சோம்பல் காட்டும் இடத்துக்கு இந்த ட்யூபை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

எந்த வகையானாலும் ட்யூபைக் கொல்வது பெரும்பாலும் தினசரிப் பழக்கம். காலையில் வார்ம்-அப் செய்யாமல் முதல் நோயாளிக்கே முழு எம்ஏ கொடுப்பது மோசமானது. குளிர்ந்த டங்ஸ்டன் நொறுங்கும் தன்மை உடையது, திடீர்ச் சூட்டில் வெடிக்கும். சில மணி நேரம் சும்மா இருந்தாலும் மறுபடி வார்ம்-அப் வேண்டும். அதன் பிறகே ஏர் கேலிப்ரேஷன் (கேன்ட்ரிக்குள் எதுவும் இல்லாமல் டிடெக்டரைச் சரிசெய்வது). அறை 20 முதல் 24 டிகிரிக்குள் இருக்கட்டும். கேன்ட்ரியின் காற்று வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றித் தூசி எடுங்கள். ‘ஆயில் டெம்பரேச்சர்’ எச்சரிக்கை வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். ஆயிலில் காற்றுக்குமிழி புகுந்தால் படத்தில் கோடுகளும் ஹவுசிங்குக்குள் (ட்யூபின் வெளி உறைக்குள்) ஆர்க்கிங்கும் வரும். வட்ட வட்டமாக வரும் கோளாறு பெரும்பாலும் டிடெக்டருடையது. அதற்காக ட்யூபைக் குற்றம் சொல்லிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

சர்வீஸ் இன்ஜினியர் வரும்போது லாக் கோப்பில் இரண்டைக் கேளுங்கள். ஒன்று, வாரத்துக்கு எத்தனை ஆர்க். எண்ணிக்கை நிலையாக இருந்தால் பயமில்லை, வாரா வாரம் ஏறினால் வெற்றிடம் கெடுகிறது. மற்றொன்று, அதே எம்ஏவுக்கு ஃபிலமென்ட் (கேத்தோடில் சூடாகும் கம்பி) கேட்கும் மின்னோட்டம். டங்ஸ்டன் ஆவியாகிக் கம்பி மெலிய மெலிய இது குறைந்துகொண்டே வரும். திடீரென்று கீழிறங்கினால் மாற்று ட்யூபுக்கு ஆர்டர் போடும் நேரம். ஆவியான டங்ஸ்டன் கண்ணாடிக் கூட்டின் உள்சுவரில் படிந்து ஆர்க்கிங்குக்கு வழி செய்யும். உலோக-செராமிக் கூடு உள்ள ட்யூபைத் தேர்ந்தெடுக்க இது ஒரு காரணம்.

ரீலோட் ட்யூப், அதாவது பழைய ஹவுசிங்கில் புது இன்சர்ட் (உள்ளே இருக்கும் வெற்றிடக் கூடு) போட்டது, விலை குறைவு என்று வந்தால் இன்சர்ட் தயாரித்த தேதியைப் பாருங்கள். நெடுநாள் அலமாரியில் கிடந்ததில் வாயு சேர்ந்திருக்கும். எண்ணெயை வெற்றிடத்தில் வைத்துக் காற்று நீக்கி நிரப்பினார்களா என்று கேளுங்கள். வாரண்டி மாதக் கணக்கா, ஸ்கேன்-விநாடிக் கணக்கா, எது முதலில் முடிகிறதோ அதுவா, நடுவில் போனால் மீதிக்கு ஏற்பத் தள்ளுபடியா முழு மாற்றா என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுத வையுங்கள். சிஎம்சியில் (முழுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில்) ட்யூப் சேர்ந்திருக்கிறதா என்பதை முதல் பக்கத்திலேயே பாருங்கள். ட்யூப் மாற்றிய பின் இந்தியாவில் ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) விதிப்படி தரச் சோதனை செய்த பிறகே நோயாளியைப் படுக்க வைக்க வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதையும் அதே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.