கொக்குவில் பாத்திர வாடகை: மூன்று நாள், 180 பேர்

போன வைகாசியில் எங்கள் துறை யாழ்ப்பாணத்தில் ஒரு சர்வதேச ஆய்வு மாநாடு நடத்தியது. சாப்பாடு, தண்ணீர், குப்பை மூன்றும் என் தலையில் விழுந்தன. வெளிநாட்டுப் பங்காளிகள் ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பியிருந்தார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கை ஒட்டி வந்த, நிகழ்ச்சிகளைச் சூழலுக்குக் கேடு குறைவாக நடத்துவதற்கான ஐஎஸ்ஓ 20121 தரத்தைப் பார்த்துத் தயாரித்தது. பாவித்து எறியும் தட்டு கூடாது, போத்தல் தண்ணீர் கூடாது. இலங்கையில் பிளாஸ்ரிக் தட்டு, கரண்டி, ஸ்ட்ரோவுக்கு 2023 ஒக்ரோபரிலிருந்தே தடை இருக்கிறது. போத்தல் தண்ணீர்தான் எங்கும் தாராளம். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு போத்தல் என்று கணக்குப் போட்டேன்: 2,160 வெறும் போத்தல். கல்லுண்டாய்க் குப்பைமேடு ஏற்கனவே இருக்கிற இருப்புக்கு இது வேறா?

கொக்குவிலில் பாத்திரம் வாடகைக்குக் கொடுக்கும் ஒரு அக்காவிடம் போனேன். பெயர் போட வேண்டாம் என்று சொன்னதால் போடவில்லை. கலியாண வீடு, அந்தியேட்டி வீடுதான் அவருடைய வழக்கமான வேலை. சர்வதேச மாநாடு என்று நான் விளக்கிக்கொண்டிருக்க, "அது கிடக்கட்டும் தம்பி, எத்தினை பந்தி?" என்று கேட்டார். சாப்பிடுகிற சில்வர் கோப்பை (தட்டு), குடிக்கிற பேணி, வடிகட்டிய தண்ணீருக்குக் குழாய் வைத்த தாங்கி, கழுவ நாலு பெண்கள். எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 90 ரூபா. போத்தலுக்குக் கொடுத்திருக்க வேண்டிய காசோடு பார்த்தால் மலிவு.

முதல் நாள் மத்தியானம் 40 கோப்பை குறைந்தது. வேறொரு வீட்டிலிருந்து திரும்பி வரவில்லையாம். ஓடிப்போய்த் திருநெல்வேலிச் சந்தையில் வாழையிலை வாங்கினோம். கச்சான் காற்றுக்கு இலை பறக்க, ஒரு பேராசிரியர் ஒரு கையால் இலையையும் மறு கையால் சோற்றையும் பிடித்துக்கொண்டிருந்தார். மூக்குப்பேணியில் தண்ணீர் கொடுத்ததும் என் ஆசைதான். வாய் படாமல் அண்ணாந்து குடிக்கலாம் என்று பெருமையாகச் சொல்லப்போய், ஒஸ்லோவிலிருந்து வந்தவரின் சட்டை நனைந்தது. இரண்டாம் நாள் சாதாரணப் பேணிக்கு இறங்கிவிட்டேன்.

நான் நாலு பேருக்குச் சொல்ல விரும்புவது கழுவுகிற இடத்தைப் பற்றி. மண்டபத்துக்குப் பின்னால் கிணற்றடிக்குப் பக்கத்திலேயே பெரிய சட்டிகளை வைத்துவிட்டார்கள். சவர்க்காரத் தண்ணீர் நிலத்தில் ஓடத் தொடங்கியது. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கிற மழைத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். மேலே ஊற்றுவது வெடிப்புகளுக்குள்ளால் கீழே இறங்கும். உரமும் மலகூடக் குழிகளும் எத்தனையோ கிணறுகளில் நைத்திரேற்றை ஏற்றிவிட்டது போதாதா? அந்தப் பட்டியலில் தட்டைத் திரும்பப் பாவிக்கிறீர்களா என்று கேள்வி இருந்தது. கழுவின தண்ணீர் எங்கே போகிறது என்று இல்லை.

அக்காவிடம் சொன்னேன். முகம் கொஞ்சம் சுண்டியது. ஆனாலும் அன்று பின்னேரமே இடத்தை மாற்றினார். எச்சிலை முதலில் வழித்து ஒரு வாளியில், அது மாட்டுக்காரருக்கு. பிறகு ஒரு சட்டியில் சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டுத் தேய்ப்பு, மற்றச் சட்டியில் அலசல். ஓடுகிற குழாய் இல்லை. அலசின தண்ணீர் வளவின் மறு தொங்கலில் நின்ற வாழைகளுக்கு. எண்ணெய்ப் பிசுக்குள்ள கோப்பைக்கு மட்டும் சவர்க்காரம். சாம்பல் என்றதும் எங்கள் செயலாளர் மூக்கைச் சுளித்தார். கோப்பை பளபளவென்று வந்த பிறகு பேச்சில்லை.

இதெல்லாம் சின்ன வேலை என்று எனக்கும் விளங்கும். 2021இல் கிளாஸ்கோவில் நடந்த காலநிலை மாநாட்டின் உமிழ்வை ஒரு இலட்சம் தொன்னுக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். அதில் 60 வீதமளவு சர்வதேச விமானப் பயணம். ஒஸ்லோக்காரர் 15 நிமிடம் பேசுவதற்காக இவ்வளவு தூரம் பறந்து வந்தார். கோப்பை கழுவி அதை ஈடுகட்ட ஏலாது. அடுத்த முறை அப்படிப்பட்டவர்களைத் திரையிலேயே பேசச் சொல்லுவோம் என்று கூட்டத்தில் சொன்னேன். "பிறகு அது என்ன சர்வதேச மாநாடு?" என்றார் ஒருவர்.

பாத்திரத்துக்கு வருகிறேன். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். எடுக்கிறவர்கள் நிகழ்ச்சிக்கு முந்தின நாள் பின்னேரமே கோப்பையை எண்ணி வாங்குங்கள். தேத்தண்ணிக்குப் பேணி வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கடுதாசிக் கப் வந்துவிடும், அதன் உள்பக்கமும் பிளாஸ்ரிக் பூச்சுத்தான். அக்கா தொலைபேசியை அவ்வளவாக எடுக்கமாட்டார். நாலு மணிக்குப் பிறகு நேரே போனால் ஆள் இருப்பார்.