பிரஷ் கட்டரைக் கடையில் விடும் முன் சைலன்சரைக் கழற்றிப் பாருங்க

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கம் தோப்புக்குள் களை வெட்ட டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படிங்க. எங்கள் பக்கத்தில் ஒரு 52 சிசி மெஷினுக்கு நடந்தது இது. ஸ்டார்ட் ஆகும், ஐட்லிங்கில் ஓடும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் அமுங்கி நின்றுவிடும். கடையில், "பிளாக் பிஸ்டன் போச்சுங்க, செட்டாத்தான் மாத்தோணும்" என்று, அதாவது பிஸ்டனும் அது ஓடும் சிலிண்டர் பிளாக்கும் போய்விட்டது என்று சொல்லி 4,200 ரூபாய் வாங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஒரு டேங்க் ஓடுவதற்குள் பழைய கோளாறே திரும்பிவிட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது அதே பழைய பிஸ்டன். தலையில் கெட்டியாகக் கரி. ஒரு டேங்க் ஓட்டத்தில் அவ்வளவு கரி படியவே படியாது.

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டியதில்லை. மெஷின் நன்றாக ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றுங்க. சைலன்சரின் ஆலன் போல்ட்டுகளையும் கழற்றினால் புகை போகும் ஓட்டை வழியாகப் பிஸ்டன் தெரியும். ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்து, டார்ச் அடித்துப் பாருங்க. பக்கச்சுவர் வழுவழுப்பாக இருந்து, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கைக் குச்சியால் அழுத்தினால் துள்ளி வெளியே வந்தால் பிளாக் பிஸ்டனை மாற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. மேலிருந்து கீழாக ஆழமான கீறல் இருந்தால்தான் கடைக்காரர் சொல்வது நிஜம்.

உண்மைக் கோளாறு சைலன்சர் வாயிலிருக்கும் சின்னக் கம்பி வலையில். கரி அடைத்து, புகை போக வழியே இல்லை. வலையைத் தனியாகக் கழற்றி நெருப்பில் காட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். பிளாக்கின் ஓட்டையில் இருக்கும் கரியைச் சுரண்டும்போது பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து ஓட்டையை மூடிக்கொள்ளுங்க. மரக்குச்சியால் மட்டும் சுரண்டுங்க.

காசு போனதைக்கூட விட்டுவிடலாம், அவர்கள் திருப்பி மாட்டிய விதம்தான் வயிறு எரிய வைக்கிறது. பிளாக்குக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவில் வரும் பேப்பர் கேஸ்கெட் (காற்று புகாமல் அடைக்கும் தாள்) கிழிந்திருக்கிறது. அதற்குப் பதில் சிலிக்கான் பேஸ்ட் அப்பியிருக்கிறார்கள். சாதாரண சிலிக்கான் பெட்ரோல் பட்டால் ஊறிக் கழன்றுவிடும். அந்த இடுக்கில் காற்று நுழைந்தால் பெட்ரோலோடு ஆயிலும் குறையும், நல்லாயிருக்கும் பிஸ்டன் அப்போது நிஜமாகவே ஜாம் ஆகிவிடும். புது கேஸ்கெட்டே போடுங்க. அதில் நடு ஓட்டையைத் தவிர ஒரு பொடி ஓட்டை இருக்கும்; பிளாக்கில் உள்ள ஓட்டைக்கு நேராக அது உட்காரவில்லை என்றால் கார்ப்பரேட்டர் பெட்ரோலை இழுக்காது.

கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயாஃப்ரம் விரலால் தொட்டால் மெத்தென்று இருக்கணும். விறைத்துப்போயிருந்தால் ரிப்பேர் கிட் வாங்கி மாற்றுங்க. ஊசி வால்வு இருக்கும் பக்கம் முதலில் கேஸ்கெட், அதன்மேல் டயாஃப்ரம். டேங்குக்குள் ஃபில்டர் மாட்டிய டியூப்தான் கார்ப்பரேட்டருக்குப் போகணும்; ஸ்டார்ட் செய்யும் முன் அமுக்கும் பிரைமர் பல்பிலிருந்து வருவது டேங்குக்குத் திரும்பும் டியூப். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலைக் கழற்றியிருந்தால், எஞ்சினோடு சுற்றும் காந்தச் சக்கரமான ஃப்ளைவீலுக்கும் அதற்கும் நடுவே 0.3 மில்லிமீட்டர் விடுங்க, ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி முடுக்கினால் சரியாக வரும்.

இந்த மெஷினில் பிளேடு நட்டின் மூலையெல்லாம் உளியால் அடித்துச் சிதைந்திருந்தது. அது இடப்பக்க மரை. கியர் ஹெட் ஓட்டையில் ஆலன் கீயைச் செருகிப் பூட்டிவிட்டு, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால் கழன்றுவிடும். இதுகூடத் தெரியாதவரிடம் எஞ்சினைக் கொடுக்காதீங்க.

பெட்ரோலில் கலக்கும் ஆயில் அளவு உங்கள் மெஷின் புத்தகப்படி: 25:1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி.

கடையில் விட்டே ஆகணும் என்றால் சைலன்சர் ஓட்டை வழியாகப் பிஸ்டனைப் போட்டோ எடுத்து, பிளாக்கின் வெளியே தகடு தகடாக இருக்கும் இறக்கைகளில் ஒன்றில் நெயில் பாலிஷ் பொட்டு வைத்துவிட்டுக் கொடுங்க, மாற்றினார்களா இல்லையா என்று அதை வைத்தே தெரிந்துவிடும். கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்க. பில்லில் ஒவ்வொரு பார்ட்டின் பெயரும் விலையும் இருக்கணும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லும்போது அந்தப் பில்தான் கைகொடுக்கும்.