காது அடைப்பு: எண்ணெயா, சொட்டு மருந்தா, சிரிஞ்சா, சக்‌ஷனா?

தலைக்குக் குளித்துவிட்டு வந்ததும் ஒரு காது சட்டென்று அடைத்துக்கொள்ளும். தண்ணீர் புகுந்துவிட்டது என்று தலையைச் சாய்த்துத் தட்டிப் பார்ப்போம். பெரும்பாலும் உள்ளே ஏற்கெனவே சேர்ந்திருந்த குரும்பிதான், அதாவது காது அழுக்குதான், ஈரத்தில் ஊறி உப்பியிருக்கும். அந்த நேரத்தில் கை பட்ஸைத் தேடும். தயவுசெய்து எடுக்காதீர்கள்.

குரும்பி சுரப்பது காதுக்குழாயின் வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில். அங்குள்ள தோல் மெல்ல வெளிநோக்கி நகர்கிறது, சாப்பிடும்போது தாடை அசைவதும் உதவுகிறது, அழுக்கு தானாக வெளியே வருகிறது. பட்ஸ், ஊக்கு, ஹேர்பின் எல்லாமே அதைத் திரும்ப உள்ளே தள்ளுகின்றன. பெரியவர்களுக்கே குழாயின் நீளம் சுமார் 2.5 செ.மீ.தான், அதன் முடிவில் ஜவ்வு, அதாவது செவிப்பறை. ஆன்லைனில் விற்கும் கேமரா வைத்த குச்சியிலும் ஆழம் சரியாகத் தெரியாது. காதில் ஏற்றும் மெழுகுவத்தி எதையும் உறிஞ்சுவதில்லை. எரிந்தபின் அடியில் காட்டும் பழுப்புப் பொடி அந்த மெழுகுவத்தியின் மிச்சம்தான். இவற்றை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை இரண்டு: எண்ணெய், மருந்துக்கடைச் சொட்டு. எந்தச் சொட்டு மற்றதைவிட மேல் என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2018 ஆய்வுத் தொகுப்பால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் நான் முதலில் சொல்வது ஆலிவ் எண்ணெய், எரிச்சல் குறைவு. பூண்டு போட்டுக் காய்ச்சிச் சூடாக ஊற்றும் பழக்கம் வேண்டாம், தோல் வெந்துவிடும். நம் கடைகளில் கிடைக்கும் சொட்டுகள் பலவற்றில் பாராடைக்குளோரோபென்சீனும் பென்சோகைனும் இருக்கும். இறுகிய அழுக்கை இளக்கும்தான், ஆனால் புண் இருக்கும் காதில் எரியும்.

எதுவானாலும் பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். ஒருக்களித்துப் படுத்து, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் அப்படியே கிடங்கள். மூன்று முதல் ஐந்து நாள் போதும். முதல் இரண்டு நாளில் அடைப்பு கூடியதுபோல் இருந்தால் பயப்பட வேண்டாம், ஊறுகிறது என்று அர்த்தம்.

அப்படியும் போகாவிட்டால் இ.என்.டி. டாக்டர். அங்கே சிரிஞ்சா, சக்‌ஷனா என்பது கேள்வி. முன்னது தண்ணீரைப் பீச்சிக் கழுவுவது, பின்னது மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பது. சிரிஞ்சில் செலவு குறைவு, நன்றாக ஊறிய அழுக்கு ஒரே கட்டியாக வந்து விழும். தண்ணீர் உடம்புச் சூட்டில், அதாவது 37 டிகிரி அளவில் இருக்க வேண்டும். சில்லென்று இருந்தாலும் சுட்டாலும் தலை சுற்றும். பெரிய உலோகச் சிரிஞ்சால் பீச்சக் கூடாது, அழுத்தம் கட்டுப்படுத்தும் கருவி வேண்டும் என்று இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்கள் வெளியிடும் நைஸ் அமைப்பு 2018-இலேயே சொல்லிவிட்டது. எதைக் கொண்டு செய்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

என் ஓட்டு சக்‌ஷனுக்கு. டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் ஜவ்வைப் பார்த்துக்கொண்டே செய்கிறார், தண்ணீரே படுவதில்லை. சத்தம் காதுக்குள் இரைச்சலாகக் கேட்கும், சிலருக்கு ஒரு கணம் கிறுகிறுக்கும், அவ்வளவுதான். ஜவ்வில் ஓட்டை உள்ளவர்கள், காதில் ஆபரேஷன் ஆனவர்கள் சிரிஞ்சு பக்கம் போகவே கூடாது; டாக்டர் சொல்லாமல் வீட்டில் சொட்டும் விடக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்குத் தண்ணீர் தேங்கினால் கடுமையான தொற்று வரலாம், அவர்களுக்கும் சக்‌ஷனே நல்லது. காது மெஷின் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு அழுக்கு அடிக்கடி சேரும். மெஷின் விசிலடிக்கத் தொடங்கினால் ஒருமுறை காதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்றில் மட்டும் எண்ணெயும் வேண்டாம், சொட்டும் வேண்டாம். குளிக்கவும் இல்லை, சளியும் இல்லை, ஒரு காது திடீரென்று கேட்கவில்லை, கூடவே இரைச்சலோ தலைசுற்றலோ இருக்கிறது என்றால் அது நரம்புக் கோளாறாக இருக்கலாம். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சை தள்ளிப்போகப்போகக் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு குறையும். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.